கைவிட்டுப் போன கனவும் கைக்கு வந்த வேலையும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் என்னிடம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எனக்கு ஏற்ற வேலை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" மேரு வட்டாரத்தில் மாலை நேர வகுப்பு நடத்தும் எனக்கு இது பழகிய கேள்விதான். கேட்பவர்களில் பலர் மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைத்து, புள்ளிகள் போதாமல் நிற்பவர்கள். விரும்பிய துறை கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விட்டது என்று எண்ணுபவர்கள். அவர்களுக்கு நான் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றிச் சொல்வேன்.

அவர் 1918ஆம் ஆண்டு எட்டயபுரம் வட்டாரத்தில் உள்ள வடமலாபுரம் எனும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் முடக்குவாதம் அவரைக் கடுமையாகத் தாக்கியது. இராணுவத்தை விட்டு விலக நேர்ந்தது. விரல்கள் கோணிப் போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவம் பார்க்கும் கனவு அத்துடன் முடிந்தது.

அவர் மீண்டும் படிக்கப் போனார். இம்முறை கண் மருத்துவம். கோணிய விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். தம் வாழ்நாளில் 1 லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளை அந்தக் கைகளாலேயே செய்தார்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண் மருத்துவம் அவர் ஆசைப்பட்ட துறை அல்ல. ஆண்டுக்கணக்கில் அதில் உழைத்தபோது அதுவே அவருடைய வாழ்வின் பணியாயிற்று.

1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். உடன்பிறந்தாரின் துணையோடு ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை நடந்தது. வெளிநாட்டு விழிவில்லைகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், 1992இல் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டு, அவை மதுரையிலேயே மலிவாகத் தயாராயின. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள் அங்கே பயிற்சி பெற்றுக் கண் பரிசோதனை முதல் அறுவைச் சிகிச்சைக்கான ஆயத்தம் வரை கவனித்துக்கொள்கிறார்கள். அவர்கள் இல்லாமல் மருத்துவர்களால் அத்தனை பேருக்குச் சிகிச்சை தர முடியாது. 2006இல் டாக்டர் மறைந்தார். அரவிந்த் இன்று உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களில் ஒன்று.

"அவர் டாக்டர் சார், நாங்கள் அப்படியா?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் உண்டு. ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி 2001இல் எழுதினார்கள். ஒரே வேலை, ஒரே இடம். சிலர் தங்கள் வேலை தரையைத் துடைப்பது மட்டுமே என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளிடம் நாலு வார்த்தை பேசினார்கள், வந்தவர்களுக்கு வழிகாட்டினார்கள், நோயாளி குணமடைவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். வேலையில் நிறைவு கண்டவர்கள் இவர்களே.

கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவருக்கும், மேரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'சேவை' என்ற பெயரில் உழைப்புக்கு உரிய ஊதியத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குடும்பத்தைக் காக்கும் சம்பளமும் வேண்டும். அரவிந்தின் இலவசச் சிகிச்சையே வரவு செலவுக் கணக்கைச் சரியாகப் பார்த்ததால்தான் நிலைத்தது.

ஆகவே, படிவம் ஐந்தை முடித்து ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, போலிடெக்னிக்கா, தொழிற்பயிற்சியா என்று குழம்பும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த வேலையால் யாருக்கு நன்மை? ஆண்டுக்கு ஆண்டு என் திறமை இதில் வளருமா? இதில் இருப்பவர்கள் சாதாரணமான ஒரு திங்கட்கிழமையில் என்னதான் செய்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கான பதில் துண்டுப் பிரசுரத்தில் இருக்காது. உங்கள் தாமானில் அந்த வேலையைச் செய்யும் அண்ணனையோ அக்காவையோ தேடிப்போய்க் கேளுங்கள். இந்த விடுமுறையிலேயே கேளுங்கள்.