அல்டாப்ரா: ராட்சத ஆமைகளின் பவளத்தீவு

மடகாஸ்கருக்கு வடமேற்கே சுமார் 420 கி.மீ. தொலைவில், நடுக்கடலில் கிடக்கிறது அல்டாப்ரா. செஷல்ஸ் நாட்டுக்குச் சொந்தமானது என்றாலும், தலைநகர் விக்டோரியா உள்ள மாஹே தீவிலிருந்து 1,100 கி.மீ.க்கு மேல் கடலில் போக வேண்டும். கிராந்த் தேர், மலபார், பிக்கார், பொலிம்னி என்ற நான்கு தீவுகள் வளையமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே ஆழமற்ற பெரிய காயல். வளையத்தின் நீளம் சுமார் 34 கி.மீ.; நிலப்பரப்பு ஏறத்தாழ 155 சதுர கி.மீ.

எரிமலை ஒன்றின் உச்சியில் பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பியது இத்தீவு. பவளத்தீவுகள் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த மணல்திட்டுகள்தான். அல்டாப்ரா அப்படியல்ல. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட உயர்ந்திருந்தபோது வளர்ந்த பவளப்பாறை, பின்னர் கடல் இறங்கியதும் வெளியே தெரிந்து, இறுகிய சுண்ணாம்புத் தரையாக நின்றுவிட்டது. அதன் பெரும்பகுதி 8 மீட்டருக்குள்ளேயே உயர்ந்திருக்கிறது. மழைநீர் அரித்து அரித்துப் பாறை முழுவதும் கூர்முனைகளும் குழிகளுமாகிவிட்டது, செருப்பையே கிழித்துவிடும். ஆறோ ஓடையோ கிடையாது. மழைக்குப் பின் குழிகளில் தேங்கும் நீர்தான் குடிநீர்.

நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறும்போது சில குறுகிய வாய்க்கால்கள் வழியே கடல் காயலுக்குள் பாய்கிறது. வற்றும்போது அதே வேகத்தில் வெளியேறுகிறது. அப்போது காயலின் பெரும்பகுதி தரைதட்டிப் போகிறது. இந்த ஓயாத ஓட்டம் அடிப்பாகத்தை அரித்ததால், காயலுக்குள் இருக்கும் சிறு பாறைத்திட்டுகள் காளான் வடிவில் நிற்கின்றன. கரையோர அலையாத்திக் காடுகளில் ஃபிரிகேட் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன.

ஒரு காலத்தில் கடல் இத்தீவை முழுவதுமாக மூழ்கடித்தது. அதற்குச் சாட்சி, நம்மூர்க் கானாங்கோழிக்கு உறவான ஒரு பறவை. மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்த இனம், வேட்டையாடும் விலங்கில்லாத இத்தீவில் பறக்கும் திறனை இழந்தது. தீவு மூழ்கியபோது அழிந்தது. கடல் இறங்கிய பிறகு அதே மூதாதை இனம் மீண்டும் வந்து, மீண்டும் பறக்கும் திறனை இழந்தது. மூழ்குவதற்கு முந்தைய எலும்புகளையும் பிந்தைய எலும்புகளையும் ஒப்பிட்டு ஜூலியன் ஹியூம், டேவிட் மார்ட்டில் ஆகிய ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளியிட்டார்கள். பரிணாமம் ஒரே இடத்தில் ஒரே பாதையில் இருமுறை நடந்ததற்கு இவ்வளவு தெளிவான சான்று மிக அரிது.

ஆனாலும் அல்டாப்ராவின் பெருமை அதன் நில ஆமைகள்தான். உலகில் ராட்சத ஆமைகள் மிக அதிகமாக வாழும் இடம் இதுவே. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொடும். கொல்கத்தா அலிப்பூர் விலங்குக்காட்சி சாலையில் 2006இல் இறந்த புகழ்பெற்ற அத்வைதாவும் இந்த இனமே. உணவும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், மாலுமிகள் இவற்றை உயிருள்ள இறைச்சியாகவே கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளின் ஆமையினங்கள் அடியோடு அழிந்தன. அல்டாப்ராவிலும் வேட்டை நடந்தது. ஆனால் தண்ணீர் இல்லாத, கால் வைக்க முடியாத பாறை மனிதர் நிலையாகப் பெருகுவதைத் தடுத்தது. 1874இல் சார்லஸ் டார்வின், ஜோசப் ஹூக்கர் உள்ளிட்ட அறிஞர்கள் இந்த ஆமைகளைக் காக்கும்படி மொரீஷியஸ் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள்.

அடுத்த ஆபத்து 1960களில் வந்தது. 1965இல் பிரிட்டன் அல்டாப்ராவைச் செஷல்ஸிலிருந்து பிரித்து, சாகோஸ் தீவுகளோடு சேர்த்துப் புதிய ஆட்சிப்பகுதி ஒன்றை உருவாக்கியது. இங்கே ராணுவ விமானதளம் அமைக்கத் திட்டமிட்டது. டேவிட் ஸ்டாடர்ட் போன்ற அறிவியலாளர்களும் ராயல் சொசைட்டியும் கடுமையாக எதிர்த்தார்கள். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது செலவுச் சுருக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து தீவைக் காப்பாற்றின. அதே ஆட்சிப்பகுதியின் டியேகோ கார்சியாவுக்கு அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. அங்கு அமெரிக்கத் தளம் எழுந்தது. சாகோஸ் மக்கள் 1973க்குள் தம் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆமைகளுக்காக எழுந்த அளவு குரல் அந்த மனிதர்களுக்காக அன்று எழவில்லை என்பது வேதனையான உண்மை.

1971இல் பிக்கார் தீவில் ராயல் சொசைட்டியின் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 1976இல் செஷல்ஸ் விடுதலை பெற்றபோது அல்டாப்ராவும் அதனிடம் திரும்பியது. 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆமைகளின் மேய்ச்சலையும் நிழலையும் பறித்துவந்த ஆடுகள், பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2012 வாக்கில் முற்றிலும் அகற்றப்பட்டன. ஆள் குடியேறாத கரையிலும் உலகின் குப்பை ஒதுங்குகிறது. 2019இல் தன்னார்வலர்கள் மீன்பிடி வலை, ரப்பர் செருப்பு என 25 டன் கழிவை வாரி எடுத்தார்கள். இன்னும் 500 டன்னுக்கு மேல் அங்கே கிடப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.