தேனின் மணம் சக்கையில் இருக்கிறது

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு இது. இங்குள்ள பளியர்களுக்குத் தேனெடுப்பது வழிவழியாக வந்த தொழில். மலைத்தேன் என்றாலே ஊரில் பேச்செல்லாம் பாட்டிலில் இருப்பதைப் பற்றித்தான்: அசலா, கலப்படமா, கிலோ என்ன விலை? பிழிந்துபோட்ட ராட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இயற்கை வாசனைத் திரவியம் செய்கிறவர்களோ முதலில் அதைத்தான் கேட்பார்கள். தேனின் மணத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் தேனை விட்டுவிட்டு மெழுகைத்தான் பிடிக்க வேண்டும்.

காரணம் எளிது. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, 17 முதல் 20 சதவீதம் நீர். மணப்பொருள்கள் மிகச் சொற்பம். பன்னீர் இறக்குவதுபோல அடுப்பேற்றி வடித்தால், மணம் வருவதற்கு முன்னால் பாகு காய்ச்சிய வாடை வந்துவிடும். எரிசாராயத்தில் ஊறப்போட்டால் சர்க்கரை அடியில் தங்கி, மேலே தெளிவாக மணமுள்ள நீர்மம் நிற்கும். ஆனால் தேனிலுள்ள நீரோடு கொஞ்சம் சர்க்கரையும் கரைந்து வருவதால், தடவிய இடம் பிசுபிசுக்கும். வெள்ளைச் சட்டையென்றால் கறைதான். கடைச் சோப்பில் வீசும் தேன் வாசனை பெரும்பாலும் ஆலையில் செய்த பினைல் அசிட்டிக் அமிலமும் அதன் உறவுக்காரர்களும்தான். அசல் தேனிலும் அந்த அமிலம் உண்டு. அதோடு பூவுக்குப் பூ மாறும் இன்னும் பல சேர்மங்களும் உண்டு என்பதே வித்தியாசம்.

மெழுகின் குணம் வேறு. நெய்யும் எண்ணெயும் பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்வது சமையலறையில் எல்லோரும் அறிந்தது. பிரான்சின் கிராஸ் நகரத்தார் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டில் மல்லிகையைப் பரப்பி மணம் பிடித்தது இந்தக் குணத்தை நம்பித்தான். நம் நிலக்கோட்டைப் பக்கத்து ஆலைகளில் மல்லிகையிலிருந்து எடுக்கும் ‘கான்கிரீட்’டும் பூவின் மெழுகும் மணமும் சேர்ந்த கட்டியே. ராட்டில் இந்த வேலையைத் தேனீக்களே செய்து வைத்திருக்கின்றன. மாதக்கணக்கில் தேனும் மகரந்தமும் பிசினும் பட்டு ஊறிய அடை அது. பழசாகிக் கருத்த ராட்டில் மணமும் கூடுதல். அதைச் சுடுநீரில் போட்டால் 62, 64 டிகிரியில் மெழுகு உருகி மிதக்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். இரும்புச் சட்டி என்றால் நிறம் கறுத்துவிடும். துணியில் வடிகட்டி ஆறவிட்டுச் சீவி, வெதுவெதுப்பான எரிசாராயத்தில் ஊறவைத்து, குளிரவைத்து மறுபடி வடிகட்டினால் மெழுகு துணியில் தங்கும், மணம் சாராயத்தோடு இறங்கும். சாராயத்தை ஆவியாக்கி நீக்கிவிட்டால் மிஞ்சும் பழுப்புப் பசைக்கு வாசனைத் தொழிலில் ‘அப்சல்யூட்’ என்று பெயர். தேனோடு காய்ந்த வைக்கோலும் கொஞ்சம் புகையிலையும் கலந்தாற்போன்ற வாசனை.

மெழுகுக்கு விலை வைத்தால் ராட்டுக்கு ஆபத்து வராதா என்பது நியாயமான கேள்வி. மலைத்தேனீயின் ராட்டில் தேன் இருப்பது மேல்பகுதியில்தான். மிச்சமெல்லாம் புழு அடை. எடைக்குக் காசு என்றால் அதிலும் கத்தி விழலாம். இதற்கு வாங்குகிறவர்தான் பொறுப்பேற்க வேண்டும். உருக்கிய கட்டியைப் பார்த்து எது எந்தப் பகுதி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ராட்டாகவே பார்த்து வாங்கவேண்டும்: பிழிந்த தேனடை சரி, ஈ இடம்பெயர்ந்தபின் காலியாகத் தொங்கும் பழைய அடையும் சரி, புழு அடை கூடாது. காலி அடையை விட்டுவைத்தால் பெரும்பாலும் மெழுகுப் பூச்சிதான் தின்று தீர்க்கும். வாசனைக்காரர் தேடும் கருத்த ராட்டும் அதுவே.

இன்னொரு தடை, சாராயம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி எரிசாராயம் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அது கிடைத்தாலும் 100 கிலோ மெழுகில் அப்சல்யூட் ஒரு கிலோ தேறுவதே அரிது. மலையடிவாரத்தில் இதற்கு ஆலை போடச் சொல்வது வெறும் ஆசை. அந்த வேலையை நிலக்கோட்டை போன்ற ஊர்களுக்கு விட்டுவிடலாம். செண்பகத்தோப்பில் செய்யக்கூடியது இரண்டு: மணம் கெடாமல் உருக்கிய சுத்தமான மெழுகுக்கட்டி, அந்த மெழுகையே அடியாக வைத்து எண்ணெயும் அத்தரும் கலந்து இறுக்கிய டப்பி வாசனை. புனுகும் சவ்வாதும் புழங்கிய நாட்டில் தொட்டுப் பூசும் வாசனை ஒன்றும் புதிதில்லை. பருவத்துக்குப் பருவம் மணம் மாறுமே என்பார்கள். மாறட்டும், இயற்கை வாசனை தேடி வருகிறவர் அதற்குத்தானே காசு கொடுக்கிறார்? தேன்மெழுகில் மெழுகுவர்த்தியும் தைலமும் செய்து விற்கலாம் என்பதை நீலகிரியில் கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பைச் சார்ந்தவர்கள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள்.

உரிமைக்கும் புதிய உத்தரவு தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது, தேனுக்கு அடுத்த சொல்லாக மெழுகைத் தனியே குறிப்பிட்டிருக்கிறது.