சதுப்பு நிலத்து மரம் தொட்டியில் ஏன் அழுகுகிறது? - ‘மணி ட்ரீ’ வளர்ப்பவர்கள் கவனத்துக்கு!

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு முன்பெல்லாம் குத்துவிளக்கும் சுவர்க் கடிகாரமும்தான் பரிசாக வரும். இப்போது அந்த வரிசையில் ஒரு செடியும் சேர்ந்துவிட்டது. மூன்று அல்லது ஐந்து தண்டுகளை ஜடை மாதிரி பின்னி, உச்சியில் கைவிரல்களை விரித்தாற்போல பச்சைப் பசேல் இலைகளோடு, பளபளக்கும் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வருகிறதே... அதுதான் ‘மணி ட்ரீ’.

“இது இருக்கிற வீட்டில் பணம் கொழிக்குமாம்” என்று சொல்லிக் கொடுப்பார்கள். வாங்கியவருக்கும் சந்தோஷம். ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு, மூன்று மாதம் ஆனதும் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகும். ‘தண்ணி பத்தலையோ?’ என்று இன்னும் அரைச் சொம்பு சேர்த்து ஊற்றுவார்கள். ஒருநாள் தண்டைத் தொட்டால் அழுகின பழம்போல அமுங்கும்.

செடி போனதைவிட, அதற்குப் பிறகு வீட்டில் நடக்கிற பேச்சுதான் சங்கடம். “பணச் செடி பட்டுப்போச்சே... ஏதாவது கெட்ட சகுனமோ?” என்று பெரியவர்கள் முகம் வாடிவிடும். சகுனம் ஒன்றுமில்லை. அந்தச் செடியைக் கொன்றது தண்ணீர்தான். பயத்தில் ஊற்றிய கூடுதல் தண்ணீர்.

கொடி வேறு... மரம் வேறு!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் பல வருடங்களாக பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோமே, இதய வடிவ இலையோடு படர்கிற கொடி, அது ‘மணி பிளான்ட்’. பசிபிக் கடலில் இருக்கும் மூரியா தீவுதான் அதன் பூர்வீகம். தண்ணீரிலேயே வருடக்கணக்கில் இருக்கும். வெளிச்சம் குறைந்த மூலையிலும் சமாளிக்கும்.

மணி ட்ரீ அதற்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. தாவரவியல் பெயர் பச்சிரா அக்வாட்டிகா. 1775-ல் அப்லே என்ற பிரெஞ்சு தாவரவியலாளர், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் பார்த்து இதைப் பதிவு செய்தார். மெக்சிகோவின் தென்பகுதியிலிருந்து பிரேசிலின் வடபகுதி வரை ஆற்றோரங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்கிற மரம் இது. அங்கே 60 அடி உயரம்கூடப் போகும். இரவில்தான் பூக்கும். நீள நீளமான மகரந்த இழைகள் கொத்தாக விரிய, வௌவால்களும் அந்துப்பூச்சிகளும் தேன் குடிக்க வரும். காய்க்குள் இருக்கும் விதையை அந்த ஊர்க்காரர்கள் வறுத்துச் சாப்பிடுகிறார்கள், கிட்டத்தட்ட நம் வேர்க்கடலை ருசி. இதற்கு ஆங்கிலத்தில் ‘மலபார் செஸ்ட்நட்’ என்று ஒரு பெயர் உண்டு. மலபாருக்கும் இந்த மரத்துக்கும் பூர்வீகச் சம்பந்தம் எதுவுமில்லை, எப்படியோ ஒட்டிக்கொண்ட பெயர்!

ஆனால், நம் ஊரில் இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. இலவ மரம்! ‘இலவு காத்த கிளி’ என்கிறோமே, அதே இலவுதான். இரண்டும் ஒரே குடும்பம். அடுத்த முறை இலவ மரத்தைப் பார்த்தால் இலையைக் கவனியுங்கள். ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து, ஏழு என்று விரல்களாகப் பிரிந்திருக்கும். மணி ட்ரீயின் இலையும் அப்படியேதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல், மணி பிளான்ட்டுக்குச் செய்ததையே மணி ட்ரீக்கும் செய்வதில்தான் பாதிச் செடிகள் போகின்றன. இன்னொரு விஷயம், கைக்குழந்தையோ நாய், பூனையோ இருக்கிற வீடுகளுக்கு. மணி பிளான்ட் கொடியின் இலையைக் கடித்தால் அதிலிருக்கும் கால்சியம் ஆக்சலேட் துகள்கள் வாயையும் நாக்கையும் எரியவைக்கும். மணி ட்ரீயில் அந்தத் தொல்லை இல்லை, நாய், பூனைகளுக்கு நஞ்சில்லாத செடிகளின் பட்டியலில்தான் அது இருக்கிறது.

ஜடை போட்டது யார்?

காட்டில் இந்த மரம் ஜடை பின்னிக்கொண்டு வளர்வதில்லை. அது தைவான்காரர்கள் கைவேலை. 1980-களில் அங்கே ஒரு லாரி ஓட்டுநர், வீட்டில் மனைவி தலை பின்னுவதைப் பார்த்து, இளம் செடிகளையும் அப்படிப் பின்னிப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஜடை போட்ட செடி விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு காம்பில் ஐந்து இலை என்பதை சீனர்களின் ஃபெங் சுயி நம்பிக்கையில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தோடு பொருத்திப் பார்த்தார்கள். ‘பணக்காரனாக்கும் மரம்’ என்கிற அர்த்தத்தில் சீன மொழியில் பெயரும் வைத்தார்கள். சீன மொழியில் ‘நான்கு’ என்பதன் உச்சரிப்பு ‘சாவு’ என்ற சொல்லை ஒத்திருப்பதால், நான்கு தண்டு ஜடை அங்கே விலைபோகாது. நம் கைக்கு மூன்றும் ஐந்துமாக வருவது அதனால்தான்.

சில நர்சரிகளில் ‘வாஸ்துச் செடி’ என்று எழுதி வைத்து விற்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரத்துக்கு நம் பழைய வாஸ்து நூல்களில் இடமிருக்க வழியே இல்லை. எந்தத் திசையில் வைப்பது என்பதை, வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்வதே செடிக்கு நல்லது.

‘வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும், நாசாவே சொல்லியிருக்கிறது’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 1989-ல் வந்த நாசா ஆய்வு, மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்தது. அதில் மணி ட்ரீ இடம்பெறவே இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாகச் செடியால் காற்றைச் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. அழகுக்காக வளர்க்கிறோம் என்பதே போதுமான காரணம்.

தண்ணீரில் வளர்ந்தது தண்ணீரால் சாவானேன்?

சதுப்பு நிலத்து மரம்தானே, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தாங்காதா? நியாயமான கேள்வி. காட்டில் அந்த மரத்துக்கு உச்சிவெயில் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான இலைகள் வழியாக நாளெல்லாம் தண்ணீரை ஆவியாக வெளியே தள்ளுகிறது. ஆற்று வெள்ளமும் ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் ஹாலில் இருப்பது நாற்பது, ஐம்பது இலையோடு நிற்கிற குட்டிச் செடி. வெளிச்சம் குறைவு என்பதால் அது குடிக்கும் தண்ணீரும் மிகக் குறைவு. மிச்சம் எல்லாம் தொட்டிக்குள்ளேயே தேங்கும். தேங்கிய தண்ணீரில் காற்று இல்லை. வேருக்கும் மூச்சு விட வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காற்று கிடைக்காத வேர் கறுத்துச் சாகும், பூஞ்சை பிடிக்கும், அழுகல் மெதுவாகத் தண்டுக்கு ஏறும். வேர் செத்த பிறகு இலைக்குத் தண்ணீர் போகாது, வாடும். அதைப் பார்த்து தாகம் என்று நினைத்து மறுபடியும் ஊற்றுகிறோம்.

தண்டின் அடிப்பகுதி குண்டாகப் பருத்திருக்கிறதே, அது செடியின் சொந்தத் தண்ணீர்த் தொட்டி. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அப்படியானால் எப்போது ஊற்றுவது? கிழமை குறித்து வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை நன்றாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட இதுதான் சரி. சென்னை மாதிரி ஊர்களில் மே மாதம் வாரத்துக்கு இரண்டு முறை தேவைப்படலாம், ஐப்பசி அடைமழையில் பத்து நாளுக்கு ஒருமுறையே அதிகமாகலாம். நர்சரியிலிருந்து வரும் செடிகள் பல நேரம் வெறும் தென்னைநார்த் தூளில்தான் இருக்கும். அது மேலே காய்ந்து, அடியில் சொதசொதவென்று இருக்கும். மேலோட்டமாகப் பார்த்து ஏமாறாமல் இருக்கத்தான் விரல்.

தொட்டியைத் தூக்கி அடியில் துளை இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். பரிசாக வரும் அழகுத் தொட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் அதை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, நன்றாக வடிந்த பிறகு உள்ளே வையுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் உடனே கொட்டிவிட வேண்டும். இது செடிக்காக மட்டுமல்ல, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டுத் தண்ணீர் தாராளமாகப் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள்தான்!

வெளிச்சம், மண், பூச்சி

கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் அருமையான இடம். பகலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற வெளிச்சமாவது வேண்டும். மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் நேராக விழுந்தால் இலை கருகும், மெல்லிய திரைச்சீலை போட்டால் போதும். ஏ.சி காற்று நேராகப் படும் இடம் ஆகாது. ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் குளிர் மாதங்களில் ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள், 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது.

புதிதாக வாங்கி வந்த செடி முதல் இரண்டு, மூன்று வாரங்களில் சில இலைகளை உதிர்க்கும். இடம் மாறியதற்காகத்தான். பதறிப்போய் உடனே தொட்டி மாற்றுவது, உரம் போடுவது எதுவும் வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றலாம். செம்மண், கரடுமுரடான மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்தால் தண்ணீர் நன்றாக வடியும். புதுத்தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ‘பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும்’ என்பது தப்புக் கணக்கு. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, மறுபடியும் அழுகல்தான்.

இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்து, மண் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு. மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றிப் பாருங்கள். ஆர்.ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். இலைக் காம்பின் இடுக்கில் பஞ்சுபோல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் வாரம் ஒருமுறை தெளித்தால் அடங்கும். மண்ணிலிருந்து குட்டிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் எழும்பினால், தண்ணீர் அதிகமாகிறது என்று அர்த்தம்.

ஜடையைப் பிரித்துப் பார்க்கலாமா?

பலரும் கவனிக்காத இடம் இது. அந்த ஜடை ஒரே செடி அல்ல. மூன்று தண்டென்றால் மூன்று தனித்தனிச் செடிகள். பின்னல் பிரியாமலிருக்க உச்சியில் கம்பி, டேப் அல்லது நாரால் கட்டியிருப்பார்கள். தண்டு பருக்கப் பருக்க அந்தக் கட்டு தூக்குக் கயிறு மாதிரி இறுக்கும். வாங்கி வந்ததும் தேடிப் பார்த்து, வெட்டி எடுத்துவிடுங்கள். கெட்டிப்பட்ட பின்னல் பிரியாது. தளர்வாக இருந்தால் மட்டும் துணிக் கயிற்றால் லேசாகக் கட்டி, மாதம் ஒருமுறை தளர்த்திக் கட்டுங்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அமுக்கிப் பார்ப்பதும் நல்லது. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நலம். அமுங்கினாலோ, தோல் மட்டும் காகிதம்போலச் சுருங்கினாலோ அந்தத் தண்டு முடிந்தது. அதை மட்டும் மெதுவாக உருவி எடுத்துவிட்டால் மற்றவை பிழைக்க வாய்ப்பு உண்டு. விட்டுவைத்தால் அழுகல் பக்கத்துத் தண்டுக்கும் தொற்றும்.

பிறகு செடியை மண்ணோடு வெளியே எடுத்து, வேரை அலசி, கறுத்துக் குழைந்ததையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். ஒருநாள் நிழலில் ஆறவிட்டு, புது மண் கலவையில் நட்டு, நாலைந்து நாள் தண்ணீரே காட்டாதீர்கள். இது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமான வேலைதான், அம்மாக்களுக்கு இன்னும் கஷ்டம்!

எல்லாத் தண்டின் அடியும் அழுகிவிட்டதா? உச்சியில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பகுதியிலிருந்து ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு கிளையை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலிலோ தண்ணீரிலோ வையுங்கள். தண்ணீர் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கொசு விஷயம் இங்கேயும் உண்டு. ஒரு மாத வாக்கில் வேர் விடும். இப்படி வளரும் செடிக்கு ஜடை இருக்காது, அடி குண்டாகப் பருக்காது, விதையில் முளைத்ததற்குத்தான் அது வரும். ஆனால், துளிர்க்கும் முதல் இலையே விரல் விரித்துக்கொண்டுதான் வரும், பக்கத்துத் தெரு இலவ மரத்தைப்போலவே.