மாமனார் வீட்டுத் துப்பாக்கி

துப்பு துலங்காத வழக்குகள் பட்டியலில் இதைச் சேர்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. மெட்கர் எவர்ஸைச் சுட்டது யார் என்பது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஊரறிந்த ரகசியம். தண்டனை கொடுக்கத்தான் 30 வருடங்களுக்கு மேல் ஆனது.

1963 ஜூன் 12. நள்ளிரவு தாண்டிய நேரம். ஜாக்சன் நகரில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார் மெட்கர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாநிலக் களச் செயலாளர், வயது 37. சிவில் உரிமைகள் பற்றி அதிபர் கென்னடி அன்றிரவு டி.வி.யில் ஆற்றிய உரையைப் பார்த்துவிட்டு, மனைவி மிர்லியும் மூன்று பிள்ளைகளும் தூங்காமல் காத்திருந்தார்கள். புதர் மறைவிலிருந்து வந்த ஒற்றைக் குண்டு மெட்கரின் முதுகைத் துளைத்து, ஜன்னலையும் சுவரையும் தாண்டி, சமையலறை ஃபிரிட்ஜில் மோதி விழுந்தது. சத்தம் கேட்டதும் பிள்ளைகள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தவர் அவர்களுடைய அப்பாதான்.

புதரில் துப்பாக்கி கிடைத்தது. அதன் தொலைநோக்கியில் கைரேகை இருந்தது. கிரீன்வுட் ஊரைச் சேர்ந்த உர விற்பனையாளன் பைரன் டி லா பெக்வித்தின் ரேகை அது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 1964-ல் இரண்டு முறை விசாரணை நடந்தும், வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மிர்லி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோதே முன்னாள் கவர்னர் ராஸ் பார்னெட் கோர்ட்டுக்குள் வந்து பெக்வித்தின் கையைக் குலுக்கினார். வெளியே வந்த பெக்வித் 1967-ல் துணை கவர்னர் பதவிக்கே போட்டியிட்டான். தோற்றான் என்பது சின்ன ஆறுதல்.

ரத்தத்துக்கு ரத்தம் என்ற எண்ணம் அந்தக் குடும்பத்துக்கு அந்நியமானதல்ல. கென்யாவின் மாவ் மாவ் ஆயுதக் கிளர்ச்சியால் ஈர்க்கப்பட்டு, மூத்த மகனின் பெயரில் அந்நாட்டுத் தலைவர் கென்யாட்டாவின் பெயரைச் சேர்த்தவர் மெட்கர். தன் மனதில் இருந்த வெறுப்பை மிர்லியும் ஒளித்ததில்லை. ஆனால் அவர் பத்திரப்படுத்தியது முதல் விசாரணையின் சாட்சியப் பதிவுகளை. ஜூரி பிளவுபட்டதே தவிர, பெக்வித்தை நிரபராதி என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. கொலை வழக்குக்குக் காலவரம்பும் கிடையாது. அந்தச் சின்ன இடுக்கு போதும் என்று காத்திருந்தார்.

1989-ல் ஜெர்ரி மிச்சல் என்ற நிருபர், மாநில அரசின் இறையாண்மை ஆணையமே பெக்வித் தரப்புக்காக ஜூரிகளைப் பற்றி ரகசியமாக விசாரித்துக் கொடுத்ததை அம்பலப்படுத்தினார். மிர்லி மறுவிசாரணை கேட்டார். கோப்பைக் காணோம், துப்பாக்கியையும் காணோம் என்றது அரசுத் தரப்பு. கோப்புக்குப் பதிலாக மிர்லியின் பிரதி வந்தது. துப்பாக்கி? வழக்கை எடுத்து நடத்திய அரசு வக்கீல் பாபி டிலாட்டரின் மாமனார் ஒரு நீதிபதி. அவர் வீட்டில் இருந்தது! கதாசிரியர் எவராவது இப்படி எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கிடைக்காததால், 1991-ல் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையிலிருந்து சடலத்தைத் தோண்டியெடுத்தார்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு உருக்குலையாமல் இருந்தது. அப்பா இறந்தபோது மூன்று வயதாயிருந்த கடைசி மகன் வான், வளர்ந்த ஆளாக நின்று அந்த முகத்தைப் பார்த்தார்.

வருடங்கள் ஓடினால் சாட்சிகள் குறைவார்கள். இங்கே கூடியிருந்தார்கள். பெக்வித்துக்கு வாய் சும்மா இருக்காது. தானே கொன்றதாகப் பலரிடம் பெருமையடித்திருந்தான். அதைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டேறினார்கள். எட்டுக் கறுப்பினத்தவரும் நான்கு வெள்ளையரும் கொண்ட ஜூரி, 1994 பிப்ரவரி 5 அன்று அவனைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை. அப்போது அவனுக்கு வயது 73.

அவனது மேல்முறையீட்டில் ஒரு வாதம்: விசாரணை மிகவும் தாமதமாகிவிட்டதாம், தன் உரிமை பறிபோய்விட்டதாம்! மாநில உச்ச நீதிமன்றம் 1997-ல் அதைத் தள்ளுபடி செய்தது. 2001-ல் கைதியாகவே செத்தான்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு தெற்கத்தி மாநிலங்களில் பழைய கோப்புகள் பல தூசு தட்டப்பட்டன. அதில் ஒன்று, 1964-ல் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்ட வழக்கு. அதில் எட்கர் ரே கில்லன் தண்டிக்கப்பட 2005 வரை ஆனது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)