மாதக் கட்டணம் இல்லாத டிஷ்

புனே நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கட்கி, தேஹு ரோடு போன்ற இடங்களில் அவர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் இட்லிக் கடை வேலைக்கும் இன்றும் புதிதாக ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகள் மராத்தி பேசப் பழகிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு அது வராது. டிவியில் தமிழ் கேட்டால்தான் அவருக்குப் பொழுது போகும்.

டிவி வாங்கிவிடலாம். அது ஒரு முறைச் செலவு. அதற்குப் பிறகு மாதாமாதம் கட்ட வேண்டிய பணம்தான் சுமை. வேலை இல்லாத மாதத்திலும் அதைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் படம் நின்றுவிடும். மாதம் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 மாதம். 250-ஐ 12-ஆல் பெருக்கினால் 3000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 15,000 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு அந்தப் பணம் எவ்வளவோ உதவும்.

மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதி என்ற அமைப்பே இதையும் நடத்துகிறது. 2004 டிசம்பர் 16 அன்று இது தொடங்கியது. அப்போது இதன் பெயர் டிடி டைரக்ட் பிளஸ். முதலில் 33 சேனல்கள் இருந்தன. இப்போது 100-க்கு மேல் வருகின்றன. நாட்டில் 4 கோடி வீடுகளுக்கு மேல் இந்த டிஷ் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

டிஷ், பெட்டி, வயர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2000 ரூபாய் ஆகும். கடைக்குக் கடை இது கொஞ்சம் கூடும், குறையும். அதன் பிறகு யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ரீசார்ஜ் கிடையாது. கார்டு கிடையாது. "இதற்கும் மாதம் 50 ரூபாய் தர வேண்டும்" என்று யாராவது கேட்டால் அது ஏமாற்று வேலை.

படம் எப்படி வருகிறது?

டில்லியில் தோடாபூர் என்ற இடத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எல்லாச் சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்து வானத்துக்கு அனுப்புகிறார்கள். வானத்தில் ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள் அதை வாங்கிக்கொள்கிறது. இது நம் நாட்டுச் செயற்கைக்கோள். 2015 நவம்பர் மாதம் ஏவப்பட்டது. பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி அதுவும் சுற்றுகிறது. அதனால் நம் கண்ணுக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். டிஷ்ஷை ஒரு முறை திருப்பி வைத்தால் பிறகு அசைக்க வேண்டியதில்லை. காரணம் இதுதான்.

செயற்கைக்கோள் அந்தச் சேனல்களைத் திரும்ப நாடு முழுவதும் மழை போலப் பொழிகிறது. மொட்டைமாடியில் இருக்கும் டிஷ் அதை ஏந்திக் குவிக்கிறது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கருவிக்கு எல்.என்.பி. என்று பெயர். அது சிக்னலை வயர் வழியாக வீட்டுக்குள் அனுப்புகிறது. செட்-டாப் பாக்ஸ் அதைப் படமாக்கி டிவிக்குத் தருகிறது.

புனே மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. நாராயண்காவ் பக்கத்தில் ஆர்வி என்ற ஊர் இருக்கிறது. 1971-இல் அங்கே ஒரு பெரிய டிஷ் வைத்தார்கள். அதன் அகலம் ஏறக்குறைய 30 மீட்டர். வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேச அது உதவியது. பிறகு 1975-இல் ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு ஓர் ஆண்டு செயற்கைக்கோள் வழியாக டிவி காட்டினார்கள். அந்த டிஷ்ஷுகள் 10 அடி அகலம். கம்பி வலையால் செய்தவை. கோழிக் கூண்டு வலை போல இருக்கும். இன்று 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். சோறு வடிக்கும் பெரிய தட்டு அளவுதான். செயற்கைக்கோளின் பலம் கூடியதால் டிஷ் சிறியதாகிவிட்டது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குப் போகும்போது பலரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. "இதில் என்ன சேனல் வரும்?" என்பதே முதல் கேள்வி.

புனேயில் புத்வார் பேட்டையில் தப்கீர் கல்லி என்ற சந்து இருக்கிறது. மின்சாமான் கடைகள் நிறைந்த இடம். அங்கே ஒரு தமிழ்ப் பெண் டிஷ் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் "யா தாயி" என்று கூப்பிடுவார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. கடைக்காரரை "பாவூ" என்று கூப்பிடலாம். அண்ணன், தம்பி இருவருக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

"பாவூ, குட்லே சேனல் திஸ்தாத்?" என்று கேட்க வேண்டும். எந்தச் சேனல்கள் தெரியும் என்பது அதன் பொருள். அடுத்து, "தர் மஹின்யாலா பைசே பராயசே கா?" மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா என்பது இதன் பொருள்.

"நாஹி தாயி, ஃபுகட்!" என்று அவர் சொல்வார். ஃபுகட் என்றால் சும்மா, இலவசம். அது உண்மைதான். ஆனால் எது இலவசம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் வரும். முன்பு பொதிகை என்று இருந்த சேனல்தான் அது. 2024 ஜனவரியில் பெயர் மாற்றினார்கள். மராத்திக்கு டிடி சஹ்யாத்ரி வரும். உழவர்களுக்கு டிடி கிசான் வரும். செய்திச் சேனல்கள், இந்திப் படம் காட்டும் சேனல்கள், பள்ளிப் பாடம் நடத்தும் சேனல்கள் வரும். ஆகாசவாணியின் வானொலி நிகழ்ச்சிகளும் வரும். தமிழ் வானொலியையும் டிவிப் பெட்டியிலேயே கேட்கலாம்.

சன் டிவி வராது. விஜய் டிவி வராது. ஜீ தமிழ் வராது. அவை காசு வாங்கும் சேனல்கள். அவற்றை நடத்துபவர்கள் இலவசமாகத் தருவதில்லை. "சன் டிவி சீரியல் இல்லாமல் என்னால் முடியாது" என்று பாட்டி சொன்னால், இந்த டிஷ்ஷை வாங்கி என்ன பயன்? 2000 ரூபாய் செலவழித்த பிறகு அடுத்த மாதமே வேறு டிஷ் போட வேண்டி வரும். அந்த வீட்டுக்குக் கட்டண டிஷ்ஷே சரி. செய்தி, பழைய பாட்டு, பிள்ளைகளுக்குப் பாடம், மராத்தி, இந்தி போதும் என்ற வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் மிக நல்லது. வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும். கடையில் ஒரு டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி, டிடி தமிழைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

சில கடைகளில் "சர்வர் போட்டுத் தருகிறேன், எல்லாக் கட்டணச் சேனலும் வரும்" என்பார்கள். அது திருட்டுச் சேனல். சட்டத்துக்கு விரோதம். சில வாரத்தில் நின்றும் போகும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இன்று வரும் தனியார் சேனல் நாளையும் வரும் என்று உறுதி இல்லை. தனியார் சேனல்களுக்கு இதில் இடத்தை ஏலம் விட்டுத் தருகிறார்கள். 2019 மார்ச் மாதம் பெரிய நிறுவனங்களின் இந்திச் சேனல்கள் சில விலகின. 2020-இல் திரும்பி வந்தன. 2022 ஏப்ரலில் மறுபடி விலகின. ஆகவே ஒரே ஒரு தனியார் சேனலை நம்பி இதை வாங்கக் கூடாது. தூர்தர்ஷன் சேனல்களை நம்பி வாங்கலாம்.

பெட்டியைப் பார்த்து வாங்குதல்

செட்-டாப் பாக்ஸில் பழைய வகை, புதிய வகை என்று இரண்டு உண்டு. பழையது எம்பெக்-2. புதியது எம்பெக்-4. பழைய பெட்டியில் சில சேனல்கள் மட்டும் வரும். புதிய பெட்டியில் இரண்டு வகைச் சேனல்களும் வரும். பெட்டியின் அட்டையில் ஆங்கிலத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 4 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பழைய பெட்டியை 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்த 200 ரூபாய்க்கு ஆசைப்படக் கூடாது.

பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்க வேண்டும். அதன் அருகே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பில் கேட்டு வாங்க வேண்டும். கேரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பெட்டி கெட்டுக் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது நுகர்வோர் உதவி எண். பில் இல்லாமல் பேசினால் பயன் குறைவு.

வீட்டு டிவி பழையதா, புதியதா என்பதையும் கடையில் சொல்ல வேண்டும். பழைய டிவிக்குச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நிற வயர் தேவை. புதிய டிவிக்கு எச்.டி.எம்.ஐ. என்ற ஒரே தட்டை வயர் போதும். இரண்டும் செருகும் இடம் உள்ள பெட்டியை வாங்கினால் பின்னால் டிவியை மாற்றினாலும் பெட்டியை மாற்ற வேண்டாம்.

கட்டண டிஷ் போட்டு, பணம் கட்டாமல் விட்ட வீடுகள் பல உண்டு. மாடியில் டிஷ் சும்மா நிற்கும். அது சொந்த டிஷ்ஷாக இருந்தால் அதையே திருப்பி வைக்கலாம். எல்.என்.பி. மட்டும் சில சமயம் பொருந்தாது. அதை மாற்றிக்கொள்ளலாம். பழைய கட்டணப் பெட்டி இதற்கு உதவாது. பெட்டி மட்டும் புதிதாக வாங்கினால் செலவு பாதியாகக் குறையும். வாடகை டிஷ்ஷாக இருந்தால் அதைத் தொடக் கூடாது.

எங்கே வைப்பது?

புனேயிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 தென்கிழக்கில் இருக்கிறது. நல்ல உயரத்தில் இருக்கிறது. அடிவானத்திலிருந்து தலைக்கு நேர் மேலே வரை உள்ள தூரத்தை மூன்று பங்காக வைத்தால், இரண்டு பங்கு உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் மரமோ மாடிக் கட்டடமோ மறைக்கக் கூடாது. இலை மறைத்தாலும் படம் வராது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மார்ச் நடுவிலும் அக்டோபர் தொடக்கத்திலும், காலை சுமார் 11 மணிக்கு, சூரியன் ஏறக்குறைய அதே இடத்துக்கு வருகிறது. அந்த நாட்களில் அந்த நேரம் எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ அங்கே டிஷ் வைக்கலாம். நிழல் விழுந்தால் அங்கே வேண்டாம். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்துவிடுவதால், அந்த நாட்களில் சில நிமிடம் படம் தடுமாறுவதும் உண்டு. அது கோளாறு இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மாடியில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். தென்கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் மாடிக்கே போக வேண்டாம். டிஷ் ஆடாமல் இருக்க வேண்டும். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் சிக்னல் குறையும். வயரை நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. எல்.என்.பி.யில் சேரும் இடத்தில் வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும். கருவிக்குள் இறங்காது. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பெருமழை கொட்டும்போது படம் உடைந்து நின்று போகும். மழைத்துளிகள் சிக்னலைத் தடுப்பதால் அப்படி ஆகிறது. மழை குறைந்தால் தானாக வந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பணம் தர வேண்டாம்.

சேனல் காணாமல் போனாலும் மெக்கானிக் தேவையில்லை. சேனல்கள் மாறும்போது பெட்டி அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்த வேண்டும். அதில் இன்ஸ்டலேஷன் என்பதற்குப் போய், ஆட்டோ ஸ்கேன் என்பதை அழுத்த வேண்டும். பெட்டி ரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 0000 என்று போட்டால் திறக்கும். தேடி முடிக்கச் சில நிமிடம் ஆகும். பிறகு டிடி தமிழ் எந்த எண்ணில் வந்திருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவைத்தால், பாட்டி தானே போட்டுக்கொள்வார்.