நோயாளர் பணிவிடை: இரக்கமும் ஏற்பாடும்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்களுடன் செல்லவில்லை. அவருடைய மனைவியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளாருமான ருகையா (ரலி) நோயுற்றுக் கிடந்தார்கள். அருகிருந்து கவனிக்குமாறு உஸ்மானைப் பணித்த அண்ணலார், பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் போர்ப்பொருளில் பங்கும் அவருக்கு உண்டு என அறிவித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருப்பது களத்தில் நிற்பதற்கு நிகராக எண்ணப்பட்டது என்னும் அதன் உட்பொருளை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

மற்றொரு நிகழ்வு அகழ்ப்போரின்போது நேர்ந்தது. காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்குமாறு நபிகளார் கூறினார்கள். காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்வதைத் தம் கடமையாக ஏற்றிருந்தவர் அவர். மதீனாவில் நோயாளர் பணிக்குக் கிடைத்த மதிப்பை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

பின்வந்தோர் இந்த மதிப்பை நிறுவனமாக வளர்த்தனர். 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையும் புகழ்பெற்றவை. கலாவூனின் வக்ஃபு ஆவணம் இன்றும் படிக்கத்தக்கது. ஒவ்வொரு நோயாளிக்கும் உணவைத் தனிக்கலத்தில், பிறருடன் பங்கிடாமல், மூடி எடுத்துச்சென்று கொடுக்க வேண்டும் என அது விதிக்கிறது. கோடைக்காலத்தில் விசிறிக்கொள்ளப் பேரீச்ச ஓலை விசிறிகளுக்கும் பணம் ஒதுக்குகிறது. நோயாளரின் துணிகளைத் துவைக்கவும் அவர்களுக்குப் பணிவிடை செய்யவும் ஆடவரும் பெண்டிருமாகப் பணியாளரை நியமிக்கச் சொல்கிறது. பணியாளர்கள் இரக்கமுள்ளவர்களாக இருப்பார்கள் என்று நம்பி அந்த ஆவணம் அமைதி கொள்ளவில்லை. விசிறிக்கும் மூடிக்கும் வருவாய் எங்கிருந்து வரும் என்பதையும் அது எழுதி வைத்தது.

இதை நினைவிற்கொண்டு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகருக்குச் செல்வோம். ஏழை, செல்வர் என்ற பேதமின்றி யாவருக்கும் இலவச மருத்துவம் தருவதற்காக 1948இல் அந்நாடு தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. அதன்கீழ் இயங்கிய ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்தவை உலகையே திடுக்கிடச் செய்தன. முதியவர்கள் அழுக்கான படுக்கைவிரிப்புகளிலேயே நெடுநேரம் விடப்பட்டனர். குடிநீர் கைக்கெட்டாத தொலைவில் வைக்கப்பட்டது. உண்ண இயலாதோர்க்கு ஊட்டிவிட ஆளில்லை. கழிப்பறைக்குச் செல்ல உதவி கேட்டு அழைத்தோர்க்கு மறுமொழி கிடைக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் நோயின் கடுமையைப் பயிற்சி பெறாத ஊழியர்கள் மதிப்பிட்டனர். தம் உறவினரை இழந்தோர் விடாது குரலெழுப்பியதன் பயனாக விசாரணை தொடங்கிற்று. வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் தன் அறிக்கையை வெளியிட்டது.

அந்தச் செவிலியர்கள் பிறவியிலேயே கல்நெஞ்சர்களா? அல்லர். பிறர்க்கு உதவும் விருப்பத்துடன் அத்தொழிலைத் தேர்ந்தவர்களே அவர்களுள் பலரும். நிருவாகம் நிதித் தன்னாட்சித் தகுதி பெற விழைந்தது. அதற்காக 2006-07இல் ஒரு கோடி பவுண்டு சேமிக்கத் திட்டமிட்டு 150க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. அவசரப் பிரிவுக்கு வருவோரை நான்கு மணி நேரத்திற்குள் பார்த்தனுப்ப வேண்டும் என்ற இலக்கு, நோயாளியைவிடப் பெரிதாயிற்று. காத்திருப்பு நேரம் பொய்யாகப் பதியப்படுவதை எடுத்துச்சொன்ன செவிலியர் ஒருவர் சக ஊழியரின் மிரட்டலுக்கு ஆளானார். கணக்கேடு நிறைவாக இருந்தது. படுக்கையருகே நீர் இல்லை.

ஆள்குறைப்பின் விலையை ஆய்வும் அளந்திருக்கிறது. ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது என்பது அதன் முடிவு. எனினும் ஆட்பற்றாக்குறை எல்லாக் குற்றத்தையும் போக்கிவிடாது. நோயாளியிடமும் உற்றாரிடமும் சிலர் காட்டிய அலட்சியத்தையும் பிரான்சிஸ் அறிக்கை மறைக்கவில்லை. கைகள் ஓய்ந்திருக்கலாம், அதற்காக நாக்கும் கடினமாக வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலையோ வேறொரு வகையானது. போதனா மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் 3 நோயாளருக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரவில் அரசு மருத்துவமனை வார்டில் நின்று பார்த்தவருக்கு அந்த அளவுகோலின் தொலைவு விளங்கும். ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் பதிவேடு எழுதுவதுமே செவிலியரின் நேரத்தை விழுங்குகின்றன. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் உடனிருக்கும் உறவினரின் பொறுப்பாகிவிட்டன. உறவினர் இல்லாத முதியவரின் கதி என்ன என்று எவரும் கேட்பதில்லை. தமிழகத்தில் 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டனர். பணிநிரந்தரம் கோரி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட நேர்ந்தது. தன் வாழ்க்கைக்கே உறுதியில்லாத ஒருவரிடம் பிறர் வலிக்குப் பொறுமை காட்டுமாறு எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்?

அரசைக் குறைகூறுவதோடு நம் கடமை முடிவதில்லை. நம் இல்லங்களில் மகள் மருத்துவராக வேண்டும் என விரும்புகிறோம்; செவிலியராக வேண்டும் என்றால் முகம் சுளிக்கிறோம். இரவுப் பணியும் அயலாரின் உடலைத் தொடுவதும் தகாதன என்கிறோம். ஆனால் நம் தாய் படுக்கையில் விழுந்தால் ஒரு பெண் செவிலியர் வர வேண்டும் என ஏங்குகிறோம். ருஃபைதாவின் பெயரை மேடையில் பெருமையுடன் சொல்லும் நாம், அவருடைய தொழிலை நம் பெண்மக்களுக்கு மறுப்பது முரண்பாடு அன்றோ?

நோயாளியை நலம் விசாரிக்காதவனிடம், ‘நான் நோயுற்றிருந்தபோது நீ வரவில்லையே’ என்னும் கருத்தில் அல்லாஹ் மறுமையில் வினவுவான் என்று முஸ்லிமில் உள்ள ஹதீஸ் குத்ஸி அறிவிக்கிறது. பழக்கூடையுடன் சென்று ஐந்து நிமிடம் நின்று திரும்புவதை மட்டுமே நாம் அதற்கு விடையாகக் கொண்டுவிட்டோம். ஊர் ஜமாஅத்துகள் துணையற்ற நோயாளருக்கு முறைவைத்து உடனிருப்போரை அனுப்பலாம். செவிலியர் கல்வி பயிலும் ஏழைப் பெண்களுக்கு உதவித்தொகை வழங்கலாம். மருத்துவமனை வாயிலில் செவிலியரைத் திட்டும் உறவினரைத் தடுப்பதும் ஒரு பணியே.

இரக்கம் உள்ளத்தில் பிறப்பது; ஆனால் உள்ளத்தில் மட்டுமே விடப்பட்டால் களைத்துப் போகும். கெய்ரோவின் வக்ஃபு ஆவணத்தை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தனர். ஆகவேதான் விசிறியையும் உணவுக்கலத்தின் மூடியையும் அவர்கள் மறவாமல் எழுதினார்கள்.