உங்களுக்குத் தெரியுமா? மீன்களுக்கென்று எழுதி வைத்த ஆறு

● அமெரிக்காவின் கொலராடோ ஆற்றிலும் அதன் கிளையாறுகளிலும் 1,980 மைல் நீளம் நான்கு மீன்களுக்கான 'இன்றியமையாத வாழிடம்' என 1994இல் அறிவிக்கப்பட்டது. கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர், ஹம்ப்பேக் சப், போனிடெயில் ஆகிய இந்த நான்கும் அந்த ஆற்றுப் படுகைக்கு மட்டுமே உரியவை. ஆறு மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் அறிவிப்பு இது. நீரோட்டத்தோடு, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் ஏறக்கூடிய கரையோரத் தாழ்நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. அதுதான் இதன் சிறப்பு. வெள்ளம் ஏறும் நிலத்தை விட்டுவிட்டு ஆற்றை மட்டும் காப்பாற்ற முடியாது.

● இப்படி அறிவித்துவிட்டால் அந்த இடம் சரணாலயம் ஆகிவிடாது. படகு விடலாம், கரையில் பயிர் செய்யலாம். கட்டுப்பாடு மத்திய அரசுத் துறைகளுக்குத்தான். அவை ஒரு திட்டத்தைத் தாங்களே நடத்தினாலும், அனுமதி அளித்தாலும், பணம் கொடுத்தாலும் அந்த வாழிடம் சீரழியாது என்று உறுதிசெய்ய வேண்டும். இன்னொன்று: ஓர் உயிரினத்தை அழியும் பட்டியலில் சேர்க்கும்போது செலவுக் கணக்குப் பார்க்க, அழியும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. வாழிடத்தை வரையறுக்கும்போது அந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். மீன் இன்று இல்லாத இடத்தைக்கூட, அது பிழைத்து மீள அவசியம் என்றால் சேர்க்கலாம்.

● ஏறக்குறைய கட்டி முடித்த அணையையே ஒரு விரல் நீள மீன் நிறுத்தி வைத்த கதை தெரியுமா? டென்னசி மாநிலத்தின் டெலிகோ அணைக்கு எதிராக 1978இல் இதே சட்டத்தின்படி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் 1973இல் கண்டறியப்பட்ட ஸ்நெய்ல் டார்ட்டர். மறு ஆண்டே நாடாளுமன்றம் அந்த அணைக்கு மட்டும் விலக்கு அளித்தது, பள்ளத்தாக்கு மூழ்கியது. வேறு ஆற்றுக்கு மாற்றிய மீன்கள் பிழைத்துக்கொண்டன. 2022இல் அது பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

● கொலராடோ ஆற்றின் பைக்மின்னோ கெண்டை மீன்களுக்கு உறவு. ஒரு காலத்தில் ஆறடி நீளம் வரை வளர்ந்தது. முட்டையிட 200 மைல் வரை நீந்திப் போகும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு கீழே மிதந்து வந்து, ஓட்டமில்லாத ஓரக் குட்டைகளில் வளரும். ஆகவே முட்டையிடும் இடம், வளரும் இடம், இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை மூன்றும் வேண்டும். இடையில் ஒரு தடுப்பணை வந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

● இந்தப் பகுதியில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ரேசர்பேக் சக்கருடையது. 40 ஆண்டுகளுக்கு மேல் வாழும் மீன். வசந்தத்தில் பனி உருகிப் புதுவெள்ளம் வரும்போது முட்டையிடும். குஞ்சுகள் அந்த வெள்ளத்தோடு கரை தாண்டிச் சதுப்புகளுக்குள் போய் இரை தேடும். அணைகள் வந்ததும் புதுவெள்ளம் அடங்கிவிட்டது. கிழமீன்கள் இருந்தன, முட்டையும் இட்டன, குஞ்சுகள்தான் வளரவில்லை. வழி என்ன? கொலராடோவின் கிளையாறான கிரீன் ஆற்றில் உயிரியலாளர்கள் இரவில் விளக்குப் பொறி வைத்துக் குஞ்சுகளைத் தேடுகிறார்கள். முதல் குஞ்சுகள் அகப்பட்டதும் அதே ஆற்றிலுள்ள ஃபிளேமிங் கார்ஜ் அணைக்குத் தகவல் போகும். வெள்ளம்போல் நீர் திறக்கப்படும். 2012 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. யூட்டா மாநிலத்தின் ஸ்டூவர்ட் ஏரிச் சதுப்பில் வாயிலுக்கு வலை போட்டு, குஞ்சுகளைத் தின்னும் பெரிய அயல் மீன்களைத் தடுக்கிறார்கள். பின்னர் நீரை வடிக்கும்போது இளம் சக்கர்கள் நூற்றுக்கணக்கில் ஆற்றுக்குத் திரும்பிய ஆண்டுகள் உண்டு. அணையின் மதகை மீன்குஞ்சின் பிறப்பைப் பார்த்துத் திறப்பது எவ்வளவு பெரிய மாற்றம்!

● அதே கிரீன் ஆற்றில் 1962இல் அரசுத் துறைகளே நஞ்சு கலந்தன. புதிய நீர்த்தேக்கத்தில் ட்ரவுட் மீன் வளர்க்க வேண்டும், அதற்கு நாட்டு மீன்கள் இடைஞ்சல் என்று நினைத்தார்கள். கிளையாறுகளையும் சேர்த்து 400 மைலுக்கு மேல் ரோட்டினோன் என்ற அந்த நஞ்சு பாய்ந்தது. நஞ்சை முறிக்கும் முயற்சி முழுதாகப் பலிக்காமல், அது கீழேயிருந்த டைனோசர் தேசிய நினைவிடம் வரை போனது. ஐந்தே ஆண்டுகளில், 1967இல், பைக்மின்னோவும் ஹம்ப்பேக் சப்பும் அழியும் உயிரினங்களின் முதல் தேசியப் பட்டியலில் ஏறின.

● போனிடெயில் நான்கிலும் அரிது. தானே பெருகித் தன்னைக் காத்துக்கொள்ளும் கூட்டம் ஆற்றில் எங்கும் இல்லை. பண்ணையில் வளர்த்து விடுகிறார்கள்.

● கிராண்ட் கேன்யனின் ஹம்ப்பேக் சப், முதுகில் திமில் உள்ள மீன். கிளென் கேன்யன் அணை ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை விட்டதால் முதன்மை ஆற்றில் அதனால் பெருக முடியவில்லை. வெதுவெதுப்பான லிட்டில் கொலராடோ கிளையாறுதான் அடைக்கலம். வறட்சியில் நீர்த்தேக்கம் இறங்க, வெளிவரும் நீர் சூடேறியது. கேன்யனின் மேற்குப் பகுதியில் சப் பெருகியது. 2021இல் 'அழியும் நிலை'யிலிருந்து 'அச்சுறுத்தலில்' என்ற ஒரு படி தாழ்ந்த பிரிவுக்கு மாற்றினார்கள். ஆனால் அந்தச் சூடு, மீன் தின்னும் ஸ்மால்மவுத் பாஸுக்கும் பிடிக்கும். 2022இல் அணைக்குக் கீழே அதன் குஞ்சுகள் தென்பட்டன. 2024இல் ஆழத்துக் குளிர்நீரைக் கலந்து விட்டு அதை அடக்கினார்கள்.

● கொலராடோ மாநிலத்தின் பாலிசேட் பீச் பழத்துக்குப் பேர்போன ஊர். கோடையின் கடைசியில் கால்வாய்கள் நீரை இழுத்துக்கொள்ள, அதற்குக் கீழே 15 மைல் தூரம் கொலராடோ ஆறு மெலிந்துவிடும். அந்த 15 மைலும் மீன்களின் வாழிடம். மேலேயுள்ள ரூடி நீர்த்தேக்கத்திலிருந்து மீனுக்கென்றே நீர் விடுகிறார்கள். கால்வாய் மதகுகளைச் சீராக்கி விவசாயிகளின் பங்கு நீரிலும் வீணாவதைக் குறைத்தார்கள். அதே ஆற்றில் 1911இல் கட்டிய பிரைஸ்-ஸ்டப் தடுப்பணையில் மீன் ஏறிச் செல்லும் வழி 2008இல் திறந்தது.